கழுத்துக்கு மேலே அக்கா

1

நான்கு வருடங்களாக என் அக்காவின் கால்களை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது. போன ஐப்பசியில், மயிலாப்பூரில், அவள் வீட்டுக் கூடத்தில், கையில் பிடித்த காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் விழித்துக்கொண்டு நின்றேனே, அப்போதுதான் தெரிந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கனடாவில், எட்மன்டனில், முப்பது வருடமாக இருக்கிறேன். அக்கா பத்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எழுபத்திரண்டு. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தைகள் கிடையாது. அத்திம்பேர் போன பிறகு, வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். எனக்கு ஊர் என்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

எனக்கு ராத்திரிச் சாப்பாடு முடியும் நேரம் அவளுக்குக் காலைக் காபி நேரம். நான் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனைப் போடுவேன். முகம் பளிச்சென்று வரும். நெற்றியில் விபூதி, காதில் தோடு, படிய வாரிய தலை. வருடத்துக்கு வருடம் இளைத்துக்கொண்டே வந்தாள். அதைப் பார்த்து எங்கள் குடும்பமே சொக்கிப்போனது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் படம் வந்தால் போதும், "பத்மாக்கா, என்ன ரகசியம்?" என்று கேட்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, பிரஷர் மாத்திரை பாதியாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் சதையைப் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்.

சந்தேகம் வந்தது விசாவில். என் பெண் மீராவுக்கு ஆகஸ்டில் கல்யாணம். பெரியம்மா வராமல் கல்யாணமா? அழைப்புக் கடிதம், என் சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம், அக்கா திரும்பிப் போய்விடுவாள் என்பதற்கு ஆதாரம் என்று கேட்டதையெல்லாம் அனுப்பினேன். ஒரு மனுஷி தன் தங்கை பெண் கல்யாணத்துக்கு வந்து பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு இத்தனை காகிதம்! அத்தனையும் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம் இருந்தது ஒன்றுதான். அக்கா நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும்.

முதல் தடவை மழை என்றாள். அடுத்த தடவை ஆட்டோ கிடைக்கவில்லை. அதற்கடுத்த தடவை தேனாம்பேட்டையில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கால் வைக்க இடமில்லை என்றாள். மெட்ராஸில் என்றைக்கு ரோட்டைத் தோண்டாமல் இருந்தார்கள்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு வர இஷ்டமில்லைன்னா சொல்லித் தொலையேன்!" என்று கத்திவிட்டு, அடுத்த வாரமே டிக்கெட் போட்டேன். சண்டை போடத்தான் கிளம்பினேன்.

2

கதவைத் திறந்தது செல்வி. அக்கா வீட்டில் சமையலும் மேல்வேலையும் பார்ப்பவள். அவளையும் நான் போனில்தான் பார்த்திருக்கிறேன், அக்காவின் தோளுக்குப் பின்னால் துடைப்பத்தோடு குறுக்கே போகும் உருவமாக.

"இன்னாமா, நீதான் கனடா தங்கச்சியா? வா வா. அம்மா உள்ள குந்திகினு கீது."

எப்போது ஊருக்கு வந்தாலும் அக்கா விமான நிலையத்தில் நிற்பாள். வயதாகிவிட்டது, வேண்டாம் என்று நான்தான் இந்தத் தடவை சொல்லியிருந்தேன். வாசலுக்காவது வந்திருக்க வேண்டாமா? உள்ளே போனேன். ஜன்னலோரம் கைப்பிடி வைத்த நாற்காலி, அதற்கு முன்னால் மேஜை, மேஜையில் போனை நிறுத்தும் தாங்கி. நாற்காலியில் அக்கா. எட்மன்டனில் என் போன் திரையில் தெரியும் அதே சதுரம், இங்கே மூன்று பக்கமும் நீண்டு கிடந்தது.

"வாடி. என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்றாள், உட்கார்ந்தபடியே. கழுத்தைக் கட்டிக்கொண்டேன். தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. இளைத்திருக்கிறாளே, அதுதான் என்று நினைத்தேன்.

காபி வந்தது. பேசினோம். கொஞ்ச நேரத்தில் அக்கா, "நீ போய்க் குளிச்சுட்டு வா" என்றாள். நான் நகரவில்லை. "செல்வியோட போய்ப் பூஜை ரூமைப் பாரு, புதுசா மார்பிள் போட்டிருக்கேன்" என்றாள். பிறகு வருகிறேன் என்றேன். அக்காவின் முகம் மாறியது. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. பாத்ரூம் போக வேண்டும்.

அவள் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்தாள். முன்னாலும் பின்னாலும் ஆடினாள். எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி ஆடினாள். செல்வி அலட்டிக்கொள்ளாமல் வந்து முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள், தினமும் செய்கிறவள்போல. அக்கா எழுந்தாள். எழுந்த வேகத்தில் புடவைக் கொசுவம் மேலே ஏறிக்கொண்டது. அந்தக் கணத்தில்தான் பார்த்தேன்.

ஐயோ! அது அக்காவின் கால் இல்லை. கெண்டைச் சதை என்று ஒன்று இருந்த இடத்தில் தோல் தொங்கியது. முழங்கால் மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டு, அதற்கு மேலும் கீழும் துடைப்பக் கட்டை மாதிரி. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து பாதத்தை எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து அவள் பாத்ரூம் வரை போனாள். பத்தடி தூரம்கூட இருக்காது.

3

"எத்தனை நாளா இப்படி?" என்று செல்வியைச் சமையலறையில் பிடித்து உலுக்கினேன்.

"என்னாண்ட கேட்டா? அம்மா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. கபாலி மேல சத்தியம்மா."

"விழுந்தாளா? அடி பட்டுதா?"

"வுயுவல கியுவல. சும்மாவே ஒவ்வொண்ணா வுட்டுச்சு. மொதல்ல மார்க்கெட் போறத. அப்பால கோயிலு. அப்பால மொட்டை மாடில துணி காயப்போடறத. கீய எறங்கியே ரெண்டு பங்குனி ஆவுது."

இரண்டு பங்குனியா? போன பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்துக்குப் போய்விட்டு வந்து எனக்கு ஒரு மணி நேரம் வர்ணித்தாளே! எந்த வீட்டு வாசலில் நீர்மோர் கொடுத்தார்கள், எந்தத் திருப்பத்தில் பல்லக்கு நின்றுவிட்டது, கூட்டத்தில் ஒரு செருப்பு எப்படிப் போனது, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்த கதை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மீராவிடம் இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆபீசில்கூடச் சொன்னேன்.

அக்கா திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். உட்காருவதற்கும் காலில் பலம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்போ அந்தச் செருப்பு?" என்றேன்.

"எந்தச் செருப்பு?"

"போன பங்குனில தொலைச்சியே!"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். செல்விதான் கதவோரம் நின்றுகொண்டு சொன்னாள். "அது என் செருப்பும்மா. நான் வந்து அம்மாவாண்ட சொன்னேன். அம்மா உன்னாண்ட சொல்லிச்சு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "இப்போ என்ன ஆயிடுத்துன்னு ஒப்பாரி வெக்கறே? தலைதான் நன்னா இருக்கே. பென்ஷன் ஆபீஸ்காராளே திருப்தியாத்தான் இருக்கா" என்றாள். அதுவும் உண்மை. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் சான்று கொடுக்க வேண்டும். இப்போது போனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதுமாம். அரசாங்கமும் என்னைப் போலத்தான், கழுத்துக்கு மேலே பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

இவள் யார் தெரியுமா? லஸ்ஸிலிருந்து தி. நகருக்குத் தீபாவளித் துணி வாங்க என்னை நடத்தியே கூட்டிக்கொண்டு போனவள். நான் பஸ் பஸ் என்று சிணுங்கினால், "பஸ்ஸுல போனா கடை கண்ணி பாக்க முடியுமாடி?" என்று கையை இழுத்துக்கொண்டு ஓடுவாள். பாண்டி பஜாரில் அவளுடைய நீலப் புடவையைத் தவற விடாமல் நான் பின்னாலேயே ஓடுவேன். திரும்பும்போது எனக்குக் கால் வலிக்கிறது என்றால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள். எனக்கு அப்போது ஏழு வயது, லேசான பிள்ளையும் இல்லை.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போகத் துடித்தேன். எப்படி இறக்குவது? கீழ்த்தளத்தில் ஜாபர் பாய் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே அவரும் மனைவி மும்தாஜும் குடியிருக்கிறார்கள். அவர் ஆட்டோக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு மேலே வந்தார். "அக்கா, அப்படியே பூ மாதிரி தூக்கிட்டுப் போயிடறோம்" என்றார்.

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாலு பேர் என்னைத் தூக்கிண்டு இந்தப் படி இறங்கற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு நான் வாயே திறக்க மாட்டேன். அதுவரைக்கும் ஒருத்தரும் என்னைத் தூக்கப்படாது."

ஜாபர் பாய் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

4

வீட்டுக்கே வருகிற டாக்டரை அடையாறில் தேடிப் பிடித்தேன். முதியவர்களுக்கான வைத்தியம் படித்தவள், நடுத்தர வயது, அவசரமில்லாத பேச்சு. பிஸியோதெரபிஸ்ட் ஒருவரையும் கூட்டி வந்தாள். ஸ்கேன் எழுதித் தருவாள், நரம்பு என்பாள், முதுகெலும்பு என்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் அக்காவிடம், "மாமி, கையை மார்போட கட்டிண்டு எழுந்து நில்லுங்கோ பார்ப்போம்" என்றாள்.

அக்கா முயன்றாள். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு நாற்காலியை விட்டு ஒரு விரற்கடைகூட உயரவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிறகு டாக்டர் அவள் கையைப் பிடித்து, "என் கையை நசுக்குங்கோ" என்றாள். பழைய இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். அதற்கப்புறம்தான் கேட்டாள். "என்ன சாப்பிடறேள்?"

அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் பெருமைப்படும் விஷயம் அது. திங்கட்கிழமை ஒரு பொழுது. பிரதோஷம் பட்டினி. ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை. சனிக்கிழமை ராத்திரி பலகாரம், அதாவது சாதம் கிடையாது, இரண்டு இட்லி. அத்திம்பேர் போன பிறகு மற்ற ராத்திரிகளிலும் அதே இரண்டு இட்லி. ஒருத்திக்காக எதைச் சமைப்பது? சர்க்கரைக்காக மத்தியானச் சாதத்தைக் குறைத்தாள். வாயு என்று பருப்பை விட்டாள். சளி என்று தயிரை மோராக்கினாள். மோரையும் நீர்மோராக்கினாள். "வயசானா வயித்தைச் சுருக்கிக்கணும் இல்லையா டாக்டர்? எங்காத்துல எல்லாரும் அப்படித்தான்."

ஆமாம், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். குறைவாகச் சாப்பிடும் வயதானவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவோம். 'மாமி ஒரு கரண்டி சாதம்தான் சாப்பிடுவா' என்பதைச் சொல்லும்போதே எங்கள் குரலில் ஒரு பக்தி வந்துவிடும்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாமி, நீங்க இளைச்சேள் இல்லையா, அதுல கொழுப்பு கொஞ்சம்தான் போயிருக்கு. போனதெல்லாம் சதை. வயசானா அது தானாவே கரையும். நாமளும் சரியாச் சாப்பிடாம, நடக்காம உட்கார்ந்துட்டா ரொம்ப வேகமாக் கரையும். உடம்புக்கு வெளியில இருந்து வரலைன்னா உள்ள இருக்கறதை எடுத்துச் சாப்பிடும். உங்க காலைத்தான் நீங்க சாப்பிட்டுண்டு இருந்திருக்கேள்."

செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அக்கா தன் மடியைப் பார்த்தாள், அங்கே எதையோ சிந்திவிட்டதுபோல.

"இதுக்குப் பேர் உண்டா?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"சார்கோபீனியான்னு சொல்லுவா."

"கேக்க நன்னாத்தான் இருக்கு. மார்கழிக் கச்சேரில யாராவது பாடுவா போல இருக்கு" என்றாள். சிரிக்க முயன்றாள். முடியவில்லை. என் அக்கா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதிலும் எனக்கு ஓர் அதிர்ச்சி, இத்தனை வயதுக்கு மேல்.

திரும்ப வருமா என்று நான் கேட்டேன். முழுவதும் வராது, ஆனால் நிறைய வரும், எழுபதிலும் வரும், எண்பதிலும் வரும் என்றாள் டாக்டர். தினமும் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும், வயிற்றுக்குப் பருப்பு கொடுக்க வேண்டும். முட்டை என்று ஆரம்பித்தாள். "முட்டையா! சம்போ மகாதேவா!" என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். சரி, சுண்டல் என்று முடிவாயிற்று. கடலை, பயறு, பட்டாணி, பனீர், கெட்டித் தயிர். பிரதோஷத்தன்றும் உண்டு.

"வருஷம் பூரா நவராத்திரின்னு சொல்லுங்கோ" என்றாள் அக்கா.

5

நான் ஒரு காரியம் செய்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பெயரும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. லிஃப்ட் இருந்தது, சுவரில் பிடித்து நடக்கக் கம்பிகள் இருந்தன, நர்ஸ் இருந்தாள். அக்காவிடம் சொன்னபோது அவள் என் மேல் டம்ளரை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னால இந்த வீட்டை விட்டு இருக்க முடியாதுடி" என்றாள் மெதுவாக.

"இந்த வீட்டுக்குள்ளயேதான் அடைஞ்சு கிடக்கே! நாளைக்குத் தீப்பிடிச்சா எப்படி இறங்குவே? செல்வி ஒரு நாள் வரலைன்னா யாரு உன்னை எழுப்புவா? நான் எங்கேயோ பனியில கிடக்கேன். போன்ல மூஞ்சியைப் பாத்துண்டு எப்படித் தூங்குவேன்?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பங்குனி வரைக்கும் டயம் குடு" என்றாள். "இந்தப் பங்குனிக்கு என் காலால இறங்கி மாட வீதிக்குப் போறேன். முடியலைன்னா நீ எங்கே தள்ளறியோ அங்கே போறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

சரி என்றேன். அவளால் முடியும் என்று நான் நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கி, அதிலிருந்து கை வைக்காமல் எழுந்திருக்க வேண்டும். முடிந்ததும் ஒரு தலையணையை எடுத்துவிட வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். வலித்தது. முதல் வாரம் தினமும் அழுதாள். அழுதுகொண்டே என்னை வைதாள். நான் ஓடிப்போய்க் கைகொடுக்கக் கிளம்பினால் பிஸியோதெரபிஸ்ட் என்னைப் பின்னால் இழுப்பார். கை கொடுக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம்! எங்களுக்கு மரியாதை என்றால், 'நீங்க உக்காருங்கோ, நான் எடுத்துண்டு வரேன்' என்பதுதானே? எட்மன்டனில் என் பக்கத்து வீட்டு டோரத்திக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு தடவை அவள் வாசல் பனியை நான் தள்ளிவிட்டேன். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், "அது என் வேலை" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். திமிர் பிடித்த கிழவி என்று அப்போது நினைத்தேன்.

லிஃப்ட் போடச் சொல்லி அடுக்குமாடிச் சங்கத்திலும் பேசிப் பார்த்தேன். பல வருடமாகப் பேசுகிறார்களாம். கீழ் வீட்டுக்காரர்களுக்கு லிஃப்ட் எதற்கு என்று ஒருவர், பழைய கட்டடம் தாங்குமா என்று ஒருவர், மாநகராட்சி அனுமதி என்று ஒருவர். நான் பேச்சுக்குப் பேச்சு 'சாரி, சாரி' என்று ஆரம்பித்தேன். கனடா பழக்கம். செல்வி என் காதில், "இன்னாமா, தப்பு பண்ணவங்களாண்ட நீ சாரி சொல்லிக்கினு கீற" என்றாள். கூட்டம் டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

மும்தாஜ் மட்டும் மேலே ஏறி வந்து அக்காவிடம், "நீங்க இறங்கி வாங்கக்கா. ஏற முடியலைன்னா ராத்திரி நம்ம வீட்லயே படுத்துக்கலாம். காலைல ஏறிக்கலாம்" என்றாள். ஒரு தட்டு வேர்க்கடலையும் வைத்துவிட்டுப் போனாள்.

நான் கிளம்பும் நாளன்று அக்கா ஒரு தலையணை வைத்த நாற்காலியிலிருந்து கையை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். எழுந்து நின்று என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! வாசல் வரை வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. மாடிப்படியின் முதல் படியைப் பார்த்தாள். கால் வைக்கவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.

6

எட்மன்டனில் பனிக்காலம். விடியாத காலையில் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறேன். ராத்திரி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனைப் போடுகிறேன். ஆனால் இப்போது புது விதி. முகம் வந்ததும், "கீழே இறக்கு" என்பேன்.

"வெட்கங்கெட்டவளே!" என்று திட்டிக்கொண்டே போனைச் சாய்த்துக் காலைக் காட்டுவாள். எழுந்து நிற்பாள். கெண்டைக்காலைத் திருப்பிக் காட்டுவாள். அதில் ஏதாவது வந்திருக்கிறதா என்று நான் கண்ணை இடுக்கிப் பார்ப்பேன். சில நாள் வந்த மாதிரி இருக்கும். சில நாள் ஒன்றுமே தெரியாது. தை மாதத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். சேர்த்ததெல்லாம் போச்சு என்று செல்வி போனில் அழுதாள். நான் முதியோர் இல்லத்துக்குப் பேசி, சித்திரையில் ஓர் அறை வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மீரா வேறு ஊரில், வான்கூவரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். பெரியம்மா கதையைச் சொன்னேன். அவளுடைய உடைந்த தமிழில், "பெரியம்மா பொய் சொன்னா, ஏன்னா நீ பயப்படும்" என்றாள். பிறகு திடீரென்று, "அம்மா, நீ எழுந்து காட்டு" என்றாள்.

"எதுக்குடி?"

"கை வைக்காம. ப்ளீஸ்."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு அறுபத்திரண்டுதான். கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். எழுந்துவிட்டேன், ஆனால் முதல் முயற்சியில் இல்லை. நான் உடனே கல்யாணப் புடவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அந்த நாற்காலியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து என் வீட்டிலும் சுண்டல்.

7

பங்குனி வந்தது. அறுபத்துமூவர் எந்த நாள் என்று எனக்குத் தெரியும். அக்கா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு படியில் இறங்கிப் பழகுகிறாளா என்று கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பாள். தோற்றுவிட்டாள், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். சித்திரையில் நானே போய் அவள் சாமான்களைக் கட்ட வேண்டியிருக்கும். அத்திம்பேரின் அலமாரியை யாரிடம் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அன்று அதிகாலை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி. காபி கலந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ. அக்காவின் முகம். ஆனால் எப்போதும் பார்க்கும் முகம் இல்லை. தலை கலைந்திருந்தது. நெற்றியில் விபூதி வியர்வையில் வழிந்திருந்தது. காது கிழிகிற மாதிரி நாகஸ்வரமும் தவிலும்.

"எங்கேக்கா இருக்கே?" என்று கத்தினேன்.

"கேக்கலை! சத்தமாச் சொல்லு! இப்போதான் சம்பந்தர் பல்லக்கு திரும்பித்து. என்ன கூட்டம்டி! எவனோ மேல மோரைக் கொட்டிட்டான். ஜாபர் பாய் ஒரு பக்கம், செல்வி ஒரு பக்கம் நிக்கறா. ஒருத்தரையும் தொட விடலை நான்."

சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்தது. இவள்தானே போன தடவையும் மோர் கதை சொன்னாள்? வீட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாலே இந்தத் தவில் சத்தம் கேட்கும்.

"அக்கா, பொய் சொல்லாதே. ஆத்துல ஜன்னலோரம்தானே உக்காந்துண்டிருக்கே?"

"அடிப்பாவி!"

"போனைக் கீழே இறக்கு."

"இந்தக் கூட்டத்துலயா? எவனாவது பிடுங்கிண்டு போயிடுவான்டி!"

"இறக்கு!"

திரையில் முகம் போயிற்று. யாருடைய தோளோ, யாருடைய இடுப்போ, ஒரு குழந்தையின் பலூன், எல்லாம் தலைகீழாகச் சுழன்றன. பிறகு தார் ரோடு தெரிந்தது. சிந்திய மோர், மிதிபட்ட பூ, ஒரு கைத்தடியின் ரப்பர் முனை. அதற்குப் பக்கத்தில் அரக்குக் கரைப் புடவை. கரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். வீதியில், வெயிலில், என் அக்காவின் பாதங்கள். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக, மண்ணும் மோரும் அப்பி, விரல்களை விரித்து ரோட்டை அழுத்தமாக மிதித்துக்கொண்டு நின்றது.

நான் காபியைக் கீழே கொட்டியிருக்கிறேன். அது அப்புறம்தான் தெரிந்தது. அழுதுகொண்டே கேட்டேன். "இன்னொரு செருப்பு எங்கேக்கா?"

"போச்சு!" என்றாள் அக்கா, தவில் சத்தத்துக்கு மேலே, சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு. "இந்தத் தடவை என்னுதுடி! என்னோடது!"